வண்டி சாய்ந்தால் அணையும் விளக்கு

ஐந்து வயது முதல் எட்டு வயதுவரை நான் ஒரு மாட்டு வண்டியில் குடியிருந்தேன். அதற்குப் பிறகு சத்திரம், ரயிலடி, கப்பல் தளம் என்று எங்கெங்கோ படுத்து எழுந்திருக்கிறேன். அவை அந்த வண்டியைவிட மோசமென்று சொல்ல முடியாது; மேலென்றும் சொல்ல முடியாது.

வண்டி முதலில் ஒரு சர்வே துரையுடையது. காடு மேடெல்லாம் முகாம் போட்டு அலைந்தவர். அவர் சீமைக்குப் புறப்பட்டபோது சாமான்களை அம்பாசமுத்திரத்தில் ஏலம் போட்டார்கள். கட்டிலும் நாற்காலியும் உடனே போய்விட்டன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அந்தப் பழைய வண்டியை மட்டும் யாரும் சீண்டவில்லை. என் மாமா எடுத்தார்.

மாமா அம்மாவுக்கு இளையவர். ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின், குடை, பூட்டு எல்லாம் பழுது பார்ப்பார். தம் கை பட்டுச் சரியாகாத சாமான் இந்த ஜில்லாவில் இல்லை என்பது அவருடைய எண்ணம். அப்பா இறந்தபின் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் பெரியப்பா வீட்டில் ஆறு மாதம் இருந்து பார்த்தாள். அங்கே தொழுவம் கூட்டுவதிலிருந்து எல்லா வேலையும் அவளுக்கு முதலில் வந்தது. சோறு கடைசியில் வந்தது. மாமா வந்து கூப்பிட்டதும் வண்டியில் ஏறிக்கொண்டாள். நானும் அம்மாவும் உள்ளே பலகையில் படுப்போம். மாமா வண்டிக்குக் கீழே படுப்பார்.

மாமா அந்த வண்டியை எடுத்ததே அதிலிருந்த மின்சார விளக்குக்காகத்தான். நெல்லிக்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் கூரையிலிருந்து தொங்கும். பலகைக்கு அடியில் அரக்கு வைத்து மூடிய பெட்டி; அதற்குள் ஆறு கண்ணாடி ஜாடிகள்; ஜாடிகளில் நவச்சாரம் கரைத்த நீரும் துத்தநாகக் கம்பியும். பித்தளைத் திருகைத் திருப்பினால் குமிழ் எரியும். கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோகும். ஓய்வு கொடுத்தால் மறுபடியும் எரியும். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது என்று ஏலத்தில் இருந்த குமாஸ்தா சொல்லியிருந்தார். மாமா யார் பேச்சையாவது கேட்டார் என்றால் அந்த ஒரு பேச்சைத்தான்.

அவருக்கு முப்பது தாண்டியிருந்தது. வண்டியில் திரிகிறவனுக்குப் பெண் இல்லையென்று மூன்று இடங்களில் சொல்லிவிட்டார்கள். நான்காவதாகச் சேரன்மகாதேவியில் ஒரு பெண் தகைந்து வந்தது. பெண்ணின் தகப்பனாரும் அதையேதான் சொன்னார். மாமா விடவில்லை. உங்கள் ஊரில் எந்த வீட்டிலும் இல்லாத விளக்கு என் வண்டியில் இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அவரும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஒப்புக்கொண்டார்.

விளக்கோ அப்போது மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது எரியும். தங்குமிடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அணைந்துவிடும். மாமா பித்தளை முனைகளைப் புளி போட்டுத் தேய்த்தார், திருகுகளை இறுக்கினார், கம்பி முழுக்கத் துணி சுற்றினார். மறுநாள் வண்டி கிளம்பியதும் எரியும். பார்த்தாயா, சரிசெய்துவிட்டேன் என்பார். அடுத்த ஊரில் மறுபடியும் அணையும். வலத்துக் காளையிடமிருந்துதான் சக்தி வருகிறது என்று ஒரு கட்டத்தில் முடிவுகட்டி, அதற்கு மட்டும் பருத்திக்கொட்டையைக் கூட்டி வைத்தார். இடத்துக் காளை இளைத்ததுதான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை சேரன்மகாதேவியில் ஆற்றங்கரை மருத மரத்தடியில் கிடந்தோம். காளைகளை விடியற்காலையிலேயே லாடம் அடிக்க அனுப்பியாயிற்று. மாமா உள்ளே கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நுகத்தடிக்கு அடியில் சிக்கிய கயிற்றை எடுக்க அம்மா நுகத்தடியைத் தூக்கினாள். விளக்கு எரிந்தது. கீழே வைத்தாள், அணைந்தது. மாமா எரிந்ததற்குத் தம்மை மெச்சிக்கொண்டு, அணைந்ததற்குத் துரையை வைதார். அம்மா இன்னும் இரண்டு தடவை தூக்கி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏலே, முன்னால சாஞ்சா அணையுது, நிமிந்தா எரியுது. அம்புட்டுதான்."

பிற்காலத்தில் நான் ஒரு ரயிலடியில் தந்தி மெஷினுக்கு உரிய இதே மாதிரி ஜாடிகளைக் கழுவும் வேலை பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெயிலில் ஜாடித் தண்ணீர் வற்றியிருக்கிறது. வண்டி சாய்ந்தால் மிச்சத் தண்ணீரும் ஒரு பக்கம் ஒதுங்கி, கம்பி காய்ந்து நிற்கும். ஜாடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் தீர்ந்தது. தாமிரபரணி முப்பது அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

மாமா நுகத்தடிக்கு அடியில் கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தார். பின்படியில் அவர் காலை வைத்ததும் நுகத்தடியோடு ஏர்க்கால் மேலே எழும்பி வண்டி மல்லாக்கப் பார்த்தது. தூக்கவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும். கல்லுக்கு அது தெரியாது. சாயங்காலத்துக்குள் காளைகள் வந்துவிடும் என்று அவர் சமாதானமாகும்போதே பெண் வீட்டார் வந்துவிட்டார்கள். வந்தது பெண்ணின் தகப்பனாரும் அத்தையும். பத்தரை மணி ராகுகாலத்துக்கு முன்னால் பார்த்துவிட வேண்டுமாம்.

நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் எதிரில் அம்மா வரக்கூடாது. எப்படியும் ஒளிந்துதான் நிற்க வேண்டும். முன்பக்கப் படுதாவை இழுத்து மூடிவிட்டு, அவள் நுகத்தடிக்குள் தோளைக் கொடுத்து நின்றாள். என்னை மாமா உள்ளே ஒரு மூலையில் உட்காரவைத்தார்.

அவர்கள் பின்படி வழியாக ஏறினார்கள். வண்டி ஒருமுறை அசைந்து நின்றது. மாமா கதவை அடைத்து இருட்டாக்கித் திருகைத் திருப்பினார். எரிந்தது.

"நெசமாவே எண்ணெ இல்லையா வே?" என்றார் தகப்பனார்.

"பைய தொட்டுப் பாருங்க அண்ணாச்சி, கை பொசுங்காது."

அத்தை விளக்கை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியை நாலுதரம் பார்த்தாள்.

"வெளக்கு சரி. எம் மருமவ எங்கன படுப்பா?"

மாமா பலகையைத் தட்டிக் காட்டினார்.

"இங்கன உங்க அக்காளும் இந்தப் பயலும்லா படுக்காவளாம்?"

மாமா படுதாவைப் பார்க்காமல் சொன்னார். "அக்கா ஆழ்வார்குறிச்சிக்குப் போயிருவா. அங்கன அத்தானோட அண்ணன் வீடு இருக்கு."

வண்டி முன்பக்கமாகத் தாழ்ந்தது. குமிழ் மஞ்சளாகி, தணல் மாதிரிச் சிவந்து, அணைந்தது. இருட்டில் அத்தையின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஐந்தாறு மூச்சு விட்டிருப்பேன். பிறகு பலகை மெதுவாக நிமிர்ந்தது. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது.

"கண்ணச் சிமிட்டுதே வே!" என்றார் தகப்பனார்.

"அணைச்சும் காட்டணும்லா அண்ணாச்சி," என்றார் மாமா. அவர் கை திருகின் பக்கத்திலேயே இல்லை. நான் வாயைத் திறந்ததும் என் தொடையை அழுத்திப் பிடித்தார்.

ராகுகாலத்துக்கு முன்பே சம்மதம் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. நாங்கள் ஆழ்வார்குறிச்சிக்குப் போனோம். என்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். மூன்றாம் வகுப்போடு அங்கிருந்து ஓடினேன்.

அன்று அவர்கள் போனதும் நான் படுதாவை விலக்கிக் குதித்தபோது அம்மா ஏர்க்காலின்மேல் உட்கார்ந்திருந்தாள். தோளில் தோல் வழன்றிருந்தது. மாமா பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மாதான் மாமா சாச்சுட்டா. நீங்க பேசிக்கிட்டிருக்கையில."

"கால் வழுக்கிட்டுலே," என்றாள் அம்மா.

அவள் நின்ற இடம் காய்ந்த மணல். மாமா அந்த மணலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திருப்புளியை இடம் மாற்றி வைத்தால்கூட என் காதைத் திருகுகிறவர், காளைகளைப் பிடித்துவரப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அவை சாயங்காலம்தான் வரும் என்று அவரே சொல்லியிருந்தார்.

எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. அத்தனை பெரிய தப்புக்கு அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் போகிறாரே என்று.