அக்கா கட்டிய பொட்டலம்

முகத்துக்கு நேரே அவளை அக்கா என்பார்கள். முதுகு திரும்பினால் பொட்டலக்காரி. அவளுக்கும் அது தெரியும். செய்கிற வேலையே அதுவாக இருக்கும்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் அந்த அலுவலகம். கீழே டைல்ஸ் அறுக்கிற இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே மேசையில் டம்ளர் ஆடும். சின்ன மருத்துவமனைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர்களை அமைத்துக் கொடுப்பது அவர்கள் தொழில். புரோகிராம் எழுதுகிறவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதி, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, தங்கள் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளையைப் பெற்றுவிட்டால் தானாக வளர்ந்துவிடும் என்று சில அப்பன்மார் நினைப்பதில்லையா, அப்படி. அந்தப் புரோகிராமின் எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், துணைக்கு வேறு எதெல்லாம் அங்கே இருக்க வேண்டும், வேண்டாம் என்று நீக்கினால் சுவடில்லாமல் எப்படி வெளியேற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதி, எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி அனுப்புவது அவள் வேலை. அவள் கட்டினால் எந்த ஊர் கம்ப்யூட்டரிலும் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

சமர்த்தாக உட்கார வைப்பதற்குள் எழுதியவனின் உயிரை வாங்கிவிடுவாள். ஒன்றும் இல்லாத வெறும் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து கம்பைல் செய்து பார்ப்பாள். ஏதாவது குறைந்தால் உடனே திருப்பி அனுப்புவாள். "என் மெஷின்ல ஓடுதே மேடம்" என்று ஒருவன் சொன்னதற்கு, "அப்போ உங்க மெஷினையும் கழட்டி அனுப்புங்க, சேர்த்துக் கட்டிடறேன்" என்றாள்.

அவள் எதை மன்னித்தாலும் ஒன்றை மட்டும் மன்னிக்க மாட்டாள். படத்தைத் திறப்பது, எழுத்தை வரைவது மாதிரியான பொது வேலைகளுக்கென்று லைப்ரரிகள் உண்டு. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பிரதி இருக்கும். எல்லாப் புரோகிராமும் அதையே பயன்படுத்தும். அதில் ஓட்டை விழுந்தால் ஓரிடத்தில் அடைத்தால் போதும், எல்லோருக்கும் அடைபட்டுவிடும். சில சோம்பேறிகள் தங்களுக்கென்று ஒரு பழைய பிரதியைப் பேக்கேஜுக்குள்ளேயே ஒளித்து வைத்துக்கொள்வார்கள். அடைப்பு அங்கே போய்ச் சேராது. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் அவளுக்குக் கண் சிவந்துவிடும். "என் பேக்கேஜ்ல யாருக்கும் தனிக்குடித்தனம் கிடையாது" என்பாள்.

இந்த வாயெல்லாம் தம்பியிடமும் செல்லுபடியானது. அவன் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். படிப்பு அதுதான், புரோகிராம் எழுதுவது தானாகக் கற்றுக்கொண்டது. பழைய கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ரே படம் திறக்க யுகமாகிறது, டாக்டர் அதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார் என்று எரிச்சல்பட்டு அவனே ஒன்று எழுதினான். பெட்டி மாதிரி ஒரு ஜன்னல், சுற்றி நீலக் கரை, உள்ளே படம். வேறு அலங்காரம் கிடையாது. ஆனால் தட்டின மாத்திரத்தில் படம் வரும்.

அதை அக்காவுக்கு அனுப்பினான். அவள் திருப்பி அனுப்பினாள். மறுபடி அனுப்பினான். மறுபடியும் திருப்பினாள்.

"கூடப் பிறந்தவன்னு ஒரு இரக்கம் வேணாமாக்கா?"

"கூடப் பிறந்ததால தான்டா போன்ல சொல்றேன். மத்தவங்களுக்கு ஒரு வரி மெயில் தான்."

"அம்மாகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லு. அவங்களுக்கு கம்பைல் பண்ணத் தெரிஞ்சா பண்ணிக் கொடுக்கட்டும்."

கடைசியில் ஒரு நாள் அது பேக்கேஜாகி வெளியே போனது. சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கெல்லாம் பரவியது. அம்மாவுக்கு இதில் ஒரு எழுத்தும் புரியாது. புரிந்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில் நெஞ்சுச்சளிக்காகப் படம் எடுக்கப் போனபோது, அங்கே திரையில் நீலக் கரை போட்ட ஜன்னல் இருந்தது. "இது என் பையன் பண்ணினது" என்று எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. அம்மா அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டு அவள் காதில் வைத்தார். அதற்கப்புறம் இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு எட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது அம்மாவுக்கு வழக்கமானது.

தம்பி செத்துப்போனான். வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போனவன், சாலையைக் கடக்கும்போது லாரி. சேதி வந்தபோது அவள் யாருடைய பேக்கேஜையோ திருப்பி அனுப்ப எழுதிக்கொண்டிருந்தாள். உடலைப் பார்க்கப் போனவள் அக்காதான், அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனாள்; எல்லாம் அங்கேயே முடிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மனசு வரவில்லை.

அவன் போன மறு வருஷம், படம் திறக்கும் லைப்ரரியைப் புதிதாக மாற்றி எழுதிவிட்டார்கள். இந்த மாதிரி அவ்வப்போது நடப்பதுதான். பழையதை நம்பி எழுதிய புரோகிராம்கள் புதியதோடு சேர்ந்து கம்பைல் ஆகாது. எழுதியவர்கள் திருத்திக் கொடுக்க வேண்டும். எல்லோரும் திருத்திக் கொடுத்தார்கள். நீலக் கரை ஜன்னலைத் திருத்த ஆள் இல்லை.

அக்காவே திருத்தலாம் என்று அவன் எழுதியதைத் திறந்தாள். வரிகளுக்கு நடுவே அவன் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. 'அக்கா பார்த்தால் திட்டுவாள். திங்கட்கிழமை சரி செய்யணும்.' இன்னும் கொஞ்சம் தள்ளி, 'திங்கட்கிழமை முடியலை.' கம்பைல் செய்யும்போது இந்தக் குறிப்புகளையெல்லாம் கம்ப்யூட்டர் உதறிவிடும். அதற்கு இவை எதற்கு? ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் இதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் முன்னால் திறந்து கிடந்த கோப்பில் மட்டும் இருந்தன. புதிய லைப்ரரிக்கு ஏற்ப மாற்றுவதென்றால் பாதிக்கு மேல் அழித்து எழுத வேண்டும். அவள் அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள், எடுத்தாள். அன்றைக்கு அவளால் முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை.

அதனால் அவள், ஊரையே மிரட்டிவைத்த பொட்டலக்காரி, பழைய லைப்ரரியின் ஒரு பிரதியை எடுத்துத் தம்பியின் பேக்கேஜுக்குள் மறைத்துவைத்துக் கட்டினாள். தம்பியின் ஒரு வரியும் மாறவில்லை. கம்பைல் ஆனது, ஓடியது, போனது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கட்டியதை அவள் பார்ப்பாள். அவள் கட்டியதை யார் பார்ப்பது? வேலியே பயிரை மேய்ந்தால் காவல்காரனுக்கு எப்படித் தெரியும்?

பூட்டுக்காரர் என்று அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். எந்த லைப்ரரியில் ஓட்டை, எங்கிருந்து திருடன் வருவான் என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு நாள் அவரிடமிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. பழைய பட லைப்ரரியில் பெரிய ஓட்டை. வேண்டுமென்றே கெடுத்த ஒரு படத்தைத் திறந்தால் போதும், வெளியாள் உள்ளே வந்துவிடலாம். நம்மிடம் இருப்பது புதியது, அதனால் கவலை இல்லை என்று முடித்திருந்தார். அவள் படித்தாள். மருத்துவமனைக்குள் எடுக்கிற எக்ஸ்ரேதானே, வெளிப்படம் எப்படி வரும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது இந்தச் சமாதானத்தைச் சொல்லியிருந்தால் தோலை உரித்திருப்பாள்.

வந்தது. ஏதோ ஓர் ஊரில் ஒரு சிறிய மருத்துவமனையில், வேறிடத்திலிருந்து அனுப்பியதாக வந்த படத்தை யாரோ நீலக் கரை ஜன்னலில் திறந்தார்கள். அங்கிருந்த நோயாளிகளின் படங்கள் அத்தனையும் போயின. மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்குத் தயாராகப் பட்டினியாகப் படுத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பூட்டுக்காரர் அவள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீங்களாம்மா?"

"நான் தான் சார்."

"வேற யார் பண்ணியிருந்தாலும் எனக்குக் கோபம் வந்திருக்கும்."

"திட்டுங்க சார்."

"திட்டி என்ன ஆகப்போகுது? புதுசுக்கு மாத்திக் கொடுங்க. இல்லன்னா எடுத்துடணும். ரெண்டுல ஒண்ணு. நான் மேல சொல்லிக்கறேன்."

அவள் மாற்ற உட்கார்ந்தாள். இந்த முறை விரல் நிற்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்ட அந்த நோயாளிகளின் முகம் அவளுக்குத் தெரியாது. தெரியாத முகங்கள்தான் அவளைத் துரத்தின. தம்பியின் குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்த இடத்தில் தன் வரிகளை எழுதினாள். மூக்கைச் சிந்திக்கொண்டே எழுதினாள். பக்கத்து மேசைக்காரி "ஜலதோஷமாக்கா?" என்று கேட்டு மாத்திரை கொடுத்தாள், அதையும் வாங்கி விழுங்கினாள்.

கம்பைல் ஆனது. படம் திறந்தது, பழைய வேகம் குறையாமல். சோதனைக்கு வைத்திருந்த நெஞ்சுப் படங்களை வரிசையாகத் திறந்துகொண்டு வந்தாள். ஒரு படத்தில் கை நின்றது. இதயம் பக்கம் மாறிச் சாய்ந்திருந்தது.

ஒரு பழைய மாடல் இயந்திரத்தில் எடுத்த படங்கள் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகப் புரண்டு வந்தன. அதைச் சரி செய்தாள். இன்னொரு வகைப் படம் புரண்டது. அதைப் பிடித்தால் முதலில் சரி செய்தது மறுபடி புரண்டது. எந்த இயந்திரம் எப்படிக் கோணல் பண்ணும் என்று எக்ஸ்ரே அறையிலேயே கிடந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை அங்கங்கே ஒட்டுப் போட்ட மாதிரி எழுதி வைத்திருக்கிறான்; ஏன் என்று எழுதவில்லை. அவனுக்கு அது சாதாரணம். நெஞ்சுப் படம் என்றால் இதயத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கை கால் படம் புரண்டால் யார் கண்டுபிடிப்பது? டாக்டர் நல்ல காலில் கத்தி வைப்பார்.

"டேய், இதை எப்படிடா பண்ணே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். கீழே டைல்ஸ் இயந்திரம் அறுத்துக்கொண்டிருந்தது. போன் எடுத்துக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான், கூடவே இரண்டு கேலியும் பண்ணியிருப்பான். அவன் செத்த நாளன்றுகூட அவள் இவ்வளவு தெளிவாக அவன் இல்லை என்று உணரவில்லை. அன்றைக்கு நூறு வேலை இருந்தது. இன்றைக்கு இந்த ஒரு கேள்விதான் இருந்தது, கேட்க ஆள் இல்லை.

நீக்கும் விண்ணப்பத்தை அவளே எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'எழுதியவர் இல்லை. திருத்தியதை நம்ப முடியாது' என்று போட்டாள். அதற்குப் பதிலாக வேறொரு நல்ல புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, மருத்துவமனைகளில் அடுத்த அப்டேட் வரும்போது பழையது போய்ப் புதியது தானாக வந்து உட்காரும்படி கட்டினாள். அதையும் வெறும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். தம்பியுடையது சுவடில்லாமல் வெளியேறியது. ஒரு கோப்பு மிச்சமில்லை. அவள் கட்டினதிலேயே சுத்தமான பேக்கேஜ் அதுதான் என்று பூட்டுக்காரர் சொன்னார். பாராட்டத்தான் சொன்னார், பாவம்.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினாள். எப்படி ஆரம்பிப்பது? 'உங்க பையன் எழுதினதை எல்லா ஊரிலேயும் எடுத்துட்டேன்' என்றா?

மழை விட்ட வாரத்தில் அம்மாவுக்கு மறுபடி நெஞ்சில் சளி கட்டியது. பக்கத்து மருத்துவமனைக்கு அக்காதான் கூட்டிப் போனாள். போகாமல் தட்டிக்கழிக்க வழி தேடினாள். இருமுகிற அம்மாவை வைத்துக்கொண்டு என்ன வழி கிடைக்கும்? எக்ஸ்ரே எடுக்கிற பெண் படத்தை எடுத்துவிட்டுத் திரையைத் தட்டினாள். வெள்ளை ஜன்னல் திறந்தது. கரை இல்லை.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என் பையன் பண்ணினதுல போட்டுக் காட்டும்மா."

"அது இப்ப இல்லம்மா. போன மாசம் அப்டேட் வந்தப்ப அதுவே மாறிடுச்சு. இதுவும் நல்லா தான் இருக்கு."

"இங்க மட்டுமா?"

அந்தப் பெண் அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரில் ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லா இடத்துலயும்மா. நான் தான் எடுத்தேன். அதுல ஒரு தப்பு. தப்பு அவன் மேல இல்ல, என் மேல. அதை வச்சிருந்தா நாலு பேருக்குக் கெடுதல் வரும். சரி பண்ணப் பார்த்தேன், முடியல. அவனுக்குத்தான் தெரியும்."

அழுவார், இல்லையென்றால் சத்தம் போடுவார் என்று காத்திருந்தாள். அம்மா இரண்டும் செய்யவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வெள்ளை ஜன்னலில் தன் நெஞ்செலும்புகள் தெரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு பேருக்குக் கெடுதல்னா எடுக்கத்தான் வேணும்" என்றார். "அவன் போனப்ப தான் என்னைக் கூட்டிட்டுப் போகல. இதுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி வந்து ஒருதரம் பார்த்திருப்பேனே."