கடலில் விழுந்த வில்லனைத் தூக்கிய நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மீன்பிடித் தடைக்காலத்தில், காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது. நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். அந்த அறுபத்தோரு நாளும் படகு கரையில் கிடக்கும், நாங்களும் கிடப்போம். காலையில் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்போம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை இல்லை.

சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமில்லை. நான் அதிகம் பேசாதவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர்க் கூட்டத்தில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்து வருகிறேன்; ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால் என் மனைவிதான் பேசுவாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

என் மகள் அப்படியே என்னை உரித்து வைத்தவள். காரைக்காலில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். "உங்க பொண்ணு கிளாஸ்ல இருக்கிறதே தெரியாதுங்க" என்று ஒரு ஆசிரியை என் மனைவியிடம் சொன்னாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஒரு நாள் மதியம் உள் அறையிலிருந்து வந்த குரலைக் கேட்டுத் திகைத்துப் போனேன். "நீ இடப்பக்கம் போ. நீ அங்கேயே நில்லு. நான் சொல்ற வரைக்கும் யாரும் அடிக்கக் கூடாது!" எங்கள் படகு ஓட்டுகிறவர்கூட அவ்வளவு அழுத்தமாகப் பேசமாட்டார். அது என் மகளின் குரல்.

"யாரையோ போட்டு அதட்டுறா. என்னன்னு போய்க் கேளுங்க" என்றாள் மனைவி, மீனை ஆய்ந்துகொண்டே.

போனேன். கேட்கவில்லை. கதவருகில் நின்று பார்த்தேன். துபாயிலிருந்து வந்த என் மச்சான் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் ஒரு பெரிய நகரம் தெரிந்தது. அதன் மேலே ஏழெட்டுப் பேர் பல நிற உடையில் பறந்துகொண்டிருந்தார்கள். என் மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, பழையபடி சின்னக் குரலில், "விளையாட்டுப்பா" என்றாள்.

எனக்கு அந்த விளையாட்டைவிட அந்தக் குரல்தான் ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாள் அது எங்கே இருந்தது? இந்த விளையாட்டில் அப்படி என்ன இருக்கிறது? மறுநாளும் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னதை வைத்து நான் புரிந்துகொண்டது இதுதான். அது சூப்பர் ஹீரோக்களின் உலகம். யாரோ எழுதிவைத்த ஹீரோவாக ஆட வேண்டியதில்லை. நம் ஹீரோவை நாமே செய்துகொள்ளலாம். உடம்பு, உடை, சக்தி, பெயர் எல்லாம் நம் விருப்பம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, கூட்டு சேர்ந்து, ஊரைக் காப்பாற்றுவார்கள். ஒருவர் முன்னால் நின்று அடி வாங்குவார், சிலர் அடிப்பார்கள், ஒருவர் பின்னால் நின்று அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவார். அவளோடு சேர்த்து அவளுடைய கூட்டில் எட்டுப் பேர். மதுரை, கோயம்புத்தூர், மலேசியா என்று பல இடத்துப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் இவள் கேப்டன்.

"உனக்கும் ஒண்ணு செஞ்சு தரவாப்பா?" என்றாள்.

உடை செய்யவே எனக்கு இரண்டு நாள் ஆனது. சட்டைக்கு எத்தனை நிறம், எத்தனை விதக் காலணி! அந்த வேலையே தனி விளையாட்டு என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் நீல உடை, பெரிய மீசை, முதுகில் மஞ்சள் துணி என்று முடிந்தது. பெயர் நங்கூரம். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தப்போ இந்த மீசை இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு உயிர் ஏற்றும் வேலை. ஆங்கில எழுத்து தெரியாது என்பதால் மகள் பட்டன்களில் நெயில் பாலிஷ் வைத்துக் கொடுத்தாள். சிவப்பு வைத்தது உயிர் ஏற்ற, பச்சை பறக்க. "சிவப்பை அழுத்துறப்போ யார் மேல காட்டுறோம்னு பார்த்துக்கப்பா. நம்மாளு, எதிராளு எல்லாருக்கும் ஏறும்" என்று சொல்லியிருந்தாள்.

முதல் தடவை பறந்தபோது நான் நேராகக் கடலைத் தேடிப் போனேன். துறைமுகம் ஒன்று இருந்தது. படகு கட்டியிருந்த முடிச்சு தப்பு. ஒரு அலைக்கு அவிழ்ந்துவிடும். மகளிடம் சொன்னேன். அவள் அதைத் தன் கூட்டுக்காரர்களிடம் சொல்ல, அவர்கள் சண்டையை விட்டுவிட்டு முடிச்சைப் பார்க்க வந்தார்களாம்.

அந்தச் சமயத்தில் விளையாட்டுக்குப் புதிதாக இன்னொரு பாகம் சேர்த்திருந்தார்கள். அதில் நாமே வில்லனாக ஆகலாம். வில்லன்களுக்குத் தனித் தீவு, தனிக் கூட்டம். அதுவரை கம்ப்யூட்டரே வில்லனை ஆட்டிவைத்தது. இனி எதிரில் வருகிற வில்லனும் ஒரு மனிதர்.

"கெட்டவனா இருக்க யாரும்மா ஆசைப்படுவாங்க?" என்று கேட்டேன்.

"நிறையப் பேர் ஆசைப்படுறாங்க. ஏன்னு எனக்கும் தெரியலப்பா" என்றாள்.

ஹீரோ கூட்டத்துக்கும் வில்லன் கூட்டத்துக்கும் ஒரு பெரிய போட்டி வந்தது. துறைமுகத்தில் இருக்கும் கலங்கரை விளக்கத்தை யார் கடைசி வரை பிடித்து வைக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. என் மகளின் கூட்டம் ஒரு மாதமாக அதற்குப் பழகியது. போட்டியன்று மதியம் உயிர் ஏற்றும் மதுரைப் பெண் வர முடியவில்லை. அவர்கள் வீட்டில் திடீரென்று ஏதோ விசேஷம். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உனக்கு ஒரே வேலைதான். என் பின்னாடி நின்னு எனக்கு உயிர் ஏத்திக்கிட்டே இரு. என்ன நடந்தாலும் இடத்தை விட்டுப் போகக் கூடாது."

எனக்கும் கேட்கட்டும் என்று அன்றைக்கு எல்லோர் குரலையும் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். கேட்ட உடனே கோயம்புத்தூர்ப் பையன், "கேப்டன், அங்கிளுக்கு இது சரிப்பட்டு வருமா?" என்றான். "நான் பார்த்துக்குறேன்" என்றாள் இவள். பக்கத்து வீட்டு மடிக்கணினியை இரவல் வாங்கித் தனக்கு வைத்துக்கொண்டு, நெயில் பாலிஷ் வைத்த கம்ப்யூட்டரை எனக்கு விட்டாள்.

நன்றாகத்தான் போனது. அவள் கலங்கரை விளக்கத்தின் வாசலில் நின்று அடிகளையெல்லாம் வாங்கினாள், நான் பின்னால் நின்று சிவப்பை அழுத்திக்கொண்டே இருந்தேன். முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. அப்போது கறுப்பு உடை போட்ட ஒரு வில்லன் அடிபட்டு, தளத்திலிருந்து எனக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தார். முங்கினார். ஒரு கை மட்டும் மேலே தெரிந்து ஆடியது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். தண்ணீரில் கை தெரிந்தது, நான் குதித்துவிட்டேன். அவர் மேல் காட்டிச் சிவப்பை அழுத்தினேன். அவர் எழுந்து தளத்துக்கு வந்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகப் போய் என் மகளை அடித்தார். உயிர் ஏற்ற ஆள் இல்லாமல் அவள் விழுந்தாள். கலங்கரை விளக்கம் வில்லன்கள் கைக்குப் போய்விட்டது.

எத்தனை குரல்கள்! "யாரு அவன தூக்குனது?" "அங்கிள்!" "ஒரு மாசம் கேப்டன், ஒரு மாசம்!" கடைசியாகக் கோயம்புத்தூர்ப் பையன் நிதானமாக, "விளையாடத் தெரியாத ஆளை இந்த இடத்துல நிறுத்துனது நீங்க. கேப்டனா வேற ஆளு இருக்கலாமான்னு ஞாயித்துக்கிழமை எல்லாரும் பேசி முடிவு பண்ணிடலாம்" என்றான்.

மகள் இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்தாள்.

"தண்ணியில விழுந்துட்டான்மா..." என்றேன்.

"விளையாட்டுப்பா அது. பத்து எண்ணுறதுக்குள்ள அவன் தீவுல முழுசா எழுந்து நிப்பான். வலை இழுக்குறப்போ கயித்த ஒரு ஆளு விட்டா என்ன ஆகும்னு நீதானே சொல்லுவ?"

கயிற்றை விட்ட ஆட்களை நானும் திட்டியிருக்கிறேன். வெளியே வராத திட்டு, மனதுக்குள் திட்டியது.

அடுத்த மூன்று நாள் கம்ப்யூட்டர் மேல் துண்டு கிடந்தது. மகள் கல்லூரிக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். வீட்டில் பழைய அமைதி திரும்பிவிட்டது. முன்பு அது எனக்கு அமைதியாகத் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு அப்படித் தெரியவில்லை. அவள் வாய் திறந்து பேசிய ஒரே இடத்தை நான் மூடிவிட்டேன். அந்த எண்ணம் என்னை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை வலை வேலைக்குப் போகவில்லை. "நான் அவங்ககிட்ட பேசுறேன்மா" என்றேன்.

அவள் பயந்துவிட்டாள். "நீயா? வேணாம்ப்பா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவள் காதில் மாட்டுவதை வாங்கி மாட்டிக்கொண்டேன். யார் முகமும் தெரியவில்லை. ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்று மகள் சைகை காட்டினாள்.

"நான்தான் நங்கூரம் பேசுறேன்" என்றேன். யாரோ சிரித்தார்கள். "என் பொண்ணு எனக்கு ஒரு வேலைதான் குடுத்துச்சு. இடத்த விட்டுப் போகக் கூடாதுன்னு தெளிவாச் சொல்லுச்சு. விட்டுட்டுப் போனது நான். தப்பு என்னோடது. அத எதுவும் செய்யாதீங்க."

"அதெல்லாம் சரி அங்கிள்," என்றான் கோயம்புத்தூர்ப் பையன். "ஏன் தூக்குனீங்க? நெஜமாவே கேக்குறேன்."

எப்படிச் சொல்வது? நடந்த ஒன்றைச் சொன்னேன். "ஒரு தடவ பக்கத்து ஊரு படகு எங்க வலைய அறுத்துட்டுப் போச்சு. தொரத்திக்கிட்டுப் போயி நடுக்கடல்ல சண்டை. அதுல அவங்க ஆளு ஒருத்தன் தவறி விழுந்துட்டான். நாங்கதான் கிட்ட இருந்தோம். தூக்கி, வேற கைலி குடுத்து, டீ போட்டுக் குடுத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் கரைக்கு வந்து அவன் மேலேயும் சேர்த்துத்தான் பஞ்சாயத்து வச்சோம். தண்ணியில விழுந்தவன் யாருன்னு பாக்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. கை தானாப் போயிடுச்சு தம்பி."

பிறகு மலேசியாப் பெண், "டீ குடிச்சானா அங்கிள் அவன்?" என்று கேட்டாள். "ரெண்டு டம்ளர்" என்றேன். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

ஆனாலும் விஷயம் முடியவில்லை. "கதை நல்லா இருக்கு. ஆனா கேப்டன் விஷயம்?" என்று ஆரம்பித்தான் அவன். அப்போது மகள் என் காதிலிருந்து அதை மெதுவாகக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள்.

"எங்க அப்பாவ நிறுத்துனது என் முடிவு. தோத்ததுக்கு நான்தான் பொறுப்பு, அவர் இல்ல. அடுத்த போட்டியில யாரு எங்க நிக்கணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். என்கூட நிக்கிறவங்க இப்பவே சொல்லுங்க. இல்லன்னா நான் வேற கூட்டம் சேர்த்துக்குறேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. எனக்காக அந்தக் குரலில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஏழு விரல் மடங்கியது. கடைசி விரல் மடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "சரி, ஆனா அங்கிள் போட்டிக்கு வேணாமாம்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நியாயம்தான் என்றேன். உண்மையில் எனக்கு அதில் நிம்மதி.

இரண்டு நாள் கழித்து, நான் தூக்கிவிட்ட வில்லனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மகள் படித்துக் காட்டினாள். அவர் ஏதோ ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கிறவராம். பகல் முழுக்க எல்லோரிடமும் 'சரிங்க சார், சரிங்க சார்' என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறதாம். சாயங்காலம் ஒரு மணி நேரம் யாருக்கும் அடங்காத ரவுடியாக இருந்துவிட்டுப் போனால்தான் மறுநாள் சிரித்த முகத்தோடு வேலைக்குப் போக முடிகிறதாம். அன்றைக்கு அவசரத்தில் ஒரு கும்பிடோடு விட்டுவிட்டு அடிக்கப் போய்விட்டேன், மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார். கெட்டவனாக இருக்க யார் ஆசைப்படுவார்கள் என்ற என் கேள்விக்கு இப்படியொரு சாதுவான மனிதர் பதில் சொல்லுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போய்விட்டேன். அந்த விளையாட்டை நான் அப்புறம் அதிகம் தொடவில்லை. ஆனால் ஜனங்கள் அதில் ஏன் இவ்வளவு ஆசையாக இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சண்டை கொஞ்சம்தான். மீதியெல்லாம், நேரில் வெளியே வர முடியாத ஆள் வேறொரு சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவது. இப்போதும் எங்கேயாவது ஒருவர் வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இவருக்குப் பேச ஒன்றுமில்லை என்று நினைக்க எனக்கு வருவதில்லை. பேசுவதற்கு ஏற்ற இடம் இவருக்கு இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.