கலுங்கில் அடுக்கிய மூட்டைகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படித்திருந்தால் பயப்படுவதற்கு இன்னும் நாலு விஷயம் தெரிந்திருக்கும் என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த ஐப்பசியில் என் கவலை முழுக்க மகள் மேல். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், மாதம் ஒன்பது. எங்கள் வீடோ கண்மாய்க் கரைக்குக் கீழே முதல் வீடு. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடைக்குப் போக, கரையின் ஒரு முனையில் கலுங்கு என்று கல்லால் கட்டிய வழி உண்டு. மழையைப் பார்ப்பதே அபூர்வமான எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் அப்படி வழிந்து போவது பொறுக்காது. மழைக்கு முன்பே கலுங்கின் மேல் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்துவிடுவார்கள். முதல் ஆளாக நிற்பவர் என் வீட்டுக்காரர்தான்.

"தண்ணி போக வழியில்லாம கரை ஒடைஞ்சா நம்ம வீட்டுக்குள்ளதானங்க வரும்?"

"மொதல்ல கம்மா நெறையட்டும் புள்ள. அதுக்குள்ள ஒடையிற கவலை ஒனக்கு."

அந்தச் சமயத்தில்தான் திருச்சுழி தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மழை, வறட்சி, இடி மின்னல் என்று எதனால் எந்த வீட்டுக்கு ஆபத்து வரும் என்று ஊர்க்காரர்களையே தரையில் ஊரைப் படமாகப் போடச் சொல்வாராம். அம்மன் கோயில் முன்னால் எல்லோரும் கூடினோம்.

"இந்த ஊருக்கு என்ன ஆபத்து வரும்?" என்று கேட்டார்.

"மழ பெய்யாதது ஒண்ணுதான் மேடம்," என்றார் என் கொழுந்தனார். "வெள்ளம் வந்தா வரச் சொல்லுங்க, ஆளுக்கு ரெண்டு கொடம் புடிச்சு வச்சுக்கிறோம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரி கோலப்பொடியை நீட்டினார்.

"எங்க மதினிட்ட குடுங்க. ஊருக்கும் சேத்துப் பயப்படுறது அவுகதான்," என்று கொழுந்தனார் என்னைக் கைகாட்டினார்.

வெட்கமாக இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். தெருக்களை இழுத்தேன், கண்மாயைப் போட்டேன், கலுங்கையும் போட்டேன். அங்கே கை நின்றுவிட்டது.

"இதுல மூட்ட அடுக்கியிருக்கு மேடம்," என்றேன்.

"ஏலே, ஒம் பொண்டாட்டியே போட்டுக் குடுத்துட்டாளே!" என்று என் வீட்டுக்காரரை யாரோ சீண்டினார்கள். அவர் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி யாரையும் திட்டவில்லை. செங்கல் பொடியை என்னிடம் தந்து, கரை உடைந்தால் தண்ணீர் வரும் வழியெல்லாம் தூவச் சொன்னார். தூவிக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டின் மேல்தான் முதலில் சிவந்தது.

பிறகு, நடக்க முடியாதவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிற வீட்டிலெல்லாம் புளியங்கொட்டை வைக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தானே எழுந்து வந்தார். குனிந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொட்ட வைக்கவா, ரெண்டு வைக்கவா?"

"ரெண்டே வைங்கய்யா," என்றார் அதிகாரி.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு கலுங்குக்குக் கிளம்பிவிட்டார். கூட நாலு பேர் முனகிக்கொண்டே போனார்கள். நானும் போய் நின்றேன். மூட்டைகளை எடுத்துக்கொண்டே கடைசி வரிசைக்கு வந்ததும், "இது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே," என்று என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. அதையும் எடுத்தார்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பியது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்து மகளும் பேத்தியும் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். கலுங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவர் பொருமினார்:

"பாத்தியா, அம்புட்டுத் தண்ணியும் கீழூர்க்காரனுக்குப் போகுது."

"போகட்டுங்க. அவுகளும் குடிக்கட்டும்."

எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் போய்க் கரையின் அடியைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. திரும்பி வந்து, மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க உட்கார்ந்தேன்.