தரிசு என்று காதில் விழுந்தது

நான் பயிர் வைக்கும் நிலம் மாகறல் பக்கம். என்னுடையது இல்லை, குத்தகை. நிலத்துக்காரர் பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகை வியாபாரம் செய்யும் பாய். எழுத்தில் எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அதில் ஒரே நிபந்தனை, ஒரு போகம்கூட நிலத்தைச் சும்மா போடக்கூடாது. போட்டால் குத்தகை முடிந்தது. அவர் அப்பா காலத்தில் யாரோ சும்மா போட்டு, வேலிக்காத்தான் மண்டி, அதைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம்.

நானும் எல்லோரையும் போல உழுதுகொண்டிருந்தவன்தான். நெல் அறுத்ததும் ரொட்டவேட்டர் விடுவேன். மண் மாவாகும். பார்க்க அழகு. ஒரு வருஷம் வேலிக்குக் கல்கால் நடக் கடப்பாரை போட்டேன். ஒரு சாணுக்குக் கீழே டங்கென்று நின்றது. மேலே மாவு, கீழே பாறை மாதிரி. வேர் எங்கே போகும், தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்தேன்.

அடுத்த தையில் உழவில்லை. நெல் நிற்கும்போதே, சேற்றில் கால் தடம் பதியும் பதத்தில், உளுந்தை உள்ளே வீசிவிட்டேன். ஒரு வாரத்தில் அறுப்பு மெஷின் வந்தது. தாளை உயரமாக விட்டு அறுக்கச் சொன்னேன். வைக்கோலைக் கட்டாமல் அங்கேயே பரப்பினேன். முதல் வருஷம் விளைச்சல் குறைவு. களை அதிகம். எலியும் வந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கடப்பாரை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. அதனால் விடவில்லை.

விவசாய ஆபீசில் இதை 'நெல் தரிசு உளுந்து' என்பார்கள். அதுதான் வினையாகப் போனது. இந்தத் தை மாதம் பாய் போன் செய்தபோது நான் வீட்டில் இல்லை. என் வீட்டுக்காரி எடுத்தாள்.

"நெல் அறுத்தாச்சு பாய். இப்ப நெல் தரிசு…" என்றாளாம். அதற்குள் டவர் போய்விட்டது.

மறுநாள் காலை எனக்குப் போன். "இன்னாப்பா, நிலத்தை தரிசு போட்டுட்டியாமே? உன் ஊட்டுக்காரம்மாவே சொல்லுது. நான் வந்துக்கினு இருக்கேன்."

"அது இல்ல பாய்…" என்பதற்குள் வைத்துவிட்டார்.

ஓடினேன். ரோட்டிலிருந்து பார்த்தால் என் நிலம் வெறும் வைக்கோல்தான். நானே புதிதாகப் பார்த்திருந்தால் தரிசு என்றுதான் சொல்லியிருப்பேன். பக்கத்து நிலத்தில் என் மச்சான் முள் கிளைகளைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். அவன் நன்றாக உழுது உளுந்து விதைத்தவன். விதைத்த மறுநாளே கனத்த மழை. மேல்மண் அடை தட்டிவிட்டது. முளை மேலே வர வழியில்லை. அதை உடைக்கத்தான் முள்.

"இன்னா மச்சான், எலிக்குப் படுக்கை போட்டுட்டு பதறிக்கினு வர?"

"பாய் வராரு."

அவன் முள்ளை விட்டுவிட்டு நின்றான். அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

பாய் வண்டியை விட்டு இறங்கி மச்சான் நிலத்தைப் பார்த்தார், என் நிலத்தைப் பார்த்தார். "அவரு வேலை செய்யறாரு. நீ?"

குனிந்து வைக்கோலை விலக்கினேன். இரண்டு இலை விட்டு உளுந்து நின்றது. அடுத்த இடத்திலும் விலக்கினேன். மெஷின் சக்கரம் போன தடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. அதையும் காட்டினேன். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே நாலைந்து இடத்தில் விலக்கிப் பார்த்தார்.

"உழாமலா?"

"உழாமதான் பாய். நெல்லு நிக்கும்போதே வீசினது."

பாய் நிமிர்ந்தார். பிறகு, "பழைய பாவு நூலை எடுக்காமலே அது முனையில புதுப் பாவு நூலைப் பிணைப்பாங்க தறியில. அந்த மாதிரியா?" என்றார்.

எனக்குத் தறி தெரியாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மச்சான் வரப்பிலிருந்து, "நான்கூடக் கேலி பண்ணேன் பாய். இப்ப நான்தான் முள்ளு இழுத்துக்கினு இருக்கேன்" என்றான்.

உழுதது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மழை இல்லையென்றால் அவனுடையது முந்தியிருக்கும்.

பாய் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார். "பயிர் இருக்குது. அப்புறம் இன்னா? நீயே வெச்சுக்கோ. ஆனா அந்தப் பேரை மாத்துப்பா, ஒரு நிமிஷம் மாரே அடைச்சுப் போச்சு."

வண்டி போன பிறகுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. மச்சான் தன் தூக்குவாளியிலிருந்து கூழ் ஊற்றினான். குடித்தேன். வைக்கோல் மேலேயே சாய்ந்தேன். உளுந்து நசுங்கும் என்று அவன் கத்தினான். எழுந்து வரப்பில் படுத்து நன்றாகத் தூங்கினேன்.