இரண்டு பெயருக்கு ஒரு குரல்

டிசம்பர் பள்ளி விடுமுறை, இரண்டாம் ஞாயிறு. காலை ஏழு மணி: பெம்பானை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரி புறப்பட்டது. பத்து மணி: உம்பாயில் படகேறித் தீவை அடைந்தோம். பெரியவர்கள் எட்டுப் பேர், பிள்ளைகள் பதினொருவர். மூன்று மணி: மழை. மூன்றேகால்: பெயர் கூப்பிடப்பட்டது. நான்கு மணி: ஒருவன் குறைவது தெரிந்தது. மறுநாள் காலை ஆறரை: என் அண்ணன் கரை ஒதுங்கினான். அவனுக்கு வயது பதின்மூன்று, எனக்கு ஒன்பது.

பால்மரக் காட்டில் பிறந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் தோட்டத்துக் குளம்தான். அதில் நீந்தியவன் கடலையும் நீந்தலாம் என்று அண்ணன் நம்பினான். தீவில் ஒரு மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக்சிக் என்றழைத்தவர், சம்பான் என்ற தம் சிறு படகைக் கரையோரமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். அண்ணன் துடுப்பு வலித்தான். நான் தகரக் குவளையால் நீர் இறைத்தேன். சம்பான் வட்டமடித்ததே தவிர முன்னேறவில்லை. "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா போறீங்க?" என்று அம்மா கரையிலிருந்து சிரித்தாள். அதன்பின் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

காற்று மாறியது. சம்பானை மணலில் இழுத்துப் போட்டபின்தான் துடுப்பு இல்லாததைக் கண்டோம். அது அலைமேல் மிதந்தது, எட்டிப் பிடிக்கும் தூரம்போல. அண்ணன் சட்டையைக் கழற்றினான்.

"நீ ஓடிப் போய்க் கொட்டாய்ல உக்காரு. துடுப்பு இல்லாம போனா பாக்சிக் என்னைய சாத்தே குச்சியில குத்திச் சுட்டுருவாரு."

"அப்பா பேர் கூப்பிட்டா?"

"எனக்கும் சேத்து நீயே சொல்லிடுலா."

அப்பா தோட்டத்து மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. ஐந்து நிமிடம் பிந்தியவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் "இருக்கேன்" என்பான். இல்லாவிட்டால் பிந்தியவனுக்கு அன்றைய வேலை போய்விடும். இந்தத் தந்திரம் தோட்டத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

தகரக் கூரையில் மழை இரைந்தது. பெண்கள் சமையல் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் பக்கத்துக் கொட்டாயில் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தோம். அப்பா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"பெரியவன்?"

குரலைத் தடிப்பாக்கி, "இருக்கேன்ப்பா" என்றேன். பக்கத்திலிருந்த சிறுமி வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்பா சற்று நிறுத்தினார்.

"சின்னவன்?"

என் சொந்தக் குரலில் பதில் சொன்னேன். நன்றாக நடித்த பெருமைகூட இருந்தது.

"மொகத்தப் பாத்தீங்களா?" என்று அன்று மாலை அம்மா கேட்டாள். அப்பா சாகும்வரை கேட்டாள். "கொரல் கேட்டுச்சு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொன்னதில்லை. அதன்பின் பெரட்டில் ஒவ்வொரு பெயருக்கும் டார்ச் விளக்கை முகத்தில் அடித்துப் பார்த்தார். பிந்தி வந்தவர்கள் அவரைக் கல்நெஞ்சன் என்றார்கள்.

என்னை அவர் ஒருபோதும் எதுவும் கேட்கவில்லை. ஏமாந்துவிட்டார் என்றே நம்பியிருந்தேன். வளர்ந்தபின்தான் புரிந்தது: பெயர்களுக்கு நடுவே நிறுத்திய அந்தக் கணத்தில் அவர் என் குரலை அறிந்துகொண்டார். பிந்தி வருகிற எவனுக்கும் காட்டும் இரக்கத்தைத் தம் மகனுக்கும் காட்டினார். இது ஒன்பது வயதுக்கு எட்டவில்லை.

சென்ற மாதம் பாச்சாங்கில், என் வீட்டில், அம்மாவும் போய்விட்டாள்.

செய்யாமல் விட்டவை:

பாக்சிக்கின் வீட்டாருக்கு ஒரு துடுப்பு வாங்கிக் கொடுப்பது.

தீவுக்கு ஒருமுறை போவது.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது எனக்கும் தெரியும் என்று அவரிடம் சொல்வது.

அது யார் குரல் என்று அம்மாவிடம் சொல்வது.