சீர்வரிசையில் போன பிளாஸ்மா

எசென்குல் ஷர்ஷெனோவிச் ஜீனாலியேவ் (1947–2014).

பிஷ்கெக்கில் தொலைக்காட்சி பழுதுபார்க்கும் அரசுப் பட்டறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். பட்டறை மூடப்பட்ட பின்னர் அதே வேலையை வீட்டின் முன்னறையில் தொடர்ந்தார். தெருவினர் அவரை மரியாதையாக ‘எசெகே’ என்றழைத்தனர். தொலைக்காட்சி வாங்க நினைத்தவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது வழக்கம். அவர் எவருக்கும் உடனே பதில் சொன்னதில்லை. சன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, உட்காருமிடத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம், பகலில் பார்ப்பவர்களா இரவில் பார்ப்பவர்களா என்றெல்லாம் விசாரித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துச் சொல்வார். சொன்னது தவறிப்போனதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

2008ஆம் ஆண்டுக் கோடையில் அவருடைய ஒரே மகள் பெகிமாய்க்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீடு நாரின் மாகாணத்தில், அத்-பாஷிக்கும் மேலே, தாஷ்-கொரோ என்னும் ஊரில் இருந்தது. சம்பந்தி ஜுமாதில் குதிரை மேய்ப்பவர். சம்பந்தியம்மாள் சைகால் அந்த ஊர்ப் பெண்களிடையே சொல் செல்வாக்குள்ளவள். சீருக்கான மெத்தைகளையும் கம்பளங்களையும் எசென்குலின் மனைவி ஜூரா பல ஆண்டுகளாகவே சேர்த்து வைத்திருந்தாள். தொலைக்காட்சி ஒன்றுதான் எசென்குலின் பொறுப்பு. ஆனால் அது சிறிய பொறுப்பன்று. மருமகள் வந்திறங்கியதும் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து, மாமியார் சீரை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவாள். அன்று அவர்கள் கண்ணில் பட்டதுதான் அந்தப் பெண் அவ்வூரில் வாழும் காலமெல்லாம் பேச்சாக நிற்கும்.

அந்நாளில் பிஷ்கெக்கில் தட்டையாக இருந்த பெட்டி எல்லாவற்றையும் பிளாஸ்மா என்றே சொன்னார்கள். எசென்குலுக்கு அது பொறுக்காது. பிளாஸ்மா வேறு, எல்.சி.டி. வேறு என்று தமக்குத் தெரிந்த கடையொன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் செய்தார். இரண்டும் நாற்பத்திரண்டு அங்குலம். திருமணங்களைப் படம்பிடிக்கும் உறவினர் ஒருவர், ஆட்டுடலைக் குதிரைமேலிருந்து பறிக்கும் உலாக் ஆட்டத்தைப் புதிய உயர்தெளிவுக் கேமராவில் எடுத்திருந்தார். அந்தக் கேமராவையே இரவல் வாங்கி, இரண்டு பெட்டிகளுக்கும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தார். எட்டு நாள் போனார்.

கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்.சி.டி. பளிச்சென்றிருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் காட்டினார்கள். மூன்றாம் நாள் அவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

“லைட்ட அணைச்சா கடைய மூடிட்டேன்னு நெனச்சு ஆளுங்க போயிருவாங்க, எசெகே” என்றார் கடைக்காரர்.

“ஆறு நிமிஷம் போதும்.”

“நேத்தும் ஆறு நிமிஷம்னுதான் சொன்னீங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் டீ குடிச்சீங்க.”

விளக்கு அணைந்தது. எல்.சி.டி.யில் கறுப்பு சாம்பல் நிறமாக வெளுத்தது. கறுப்புக் குதிரையும் அதன்மேலிருந்த சேணமும் ஒரே பிண்டமாகத் தெரிந்தன. பிளாஸ்மாவிலோ பிடரிமயிர் வேறு, சேணத்தின் வார் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. குதிரைகள் பாயும்போது எல்.சி.டி.யில் குளம்புகள் கலைந்து இழுபட்டன. பிளாஸ்மாவில் தெறித்த மண்கட்டிகூட உருக்குலையவில்லை. பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தார். எல்.சி.டி.யில் நிறம் வெளிறியது. விருந்துத் துணியைச் சுற்றித் தரையில் அமரும் வீட்டில் பாதிப் பேர் பக்கவாட்டிலிருந்துதான் பார்ப்பார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. பிளாஸ்மாவிடம் அவர் கண்ட குறை ஒன்றுதான்: எதிரே சன்னல் இருந்தால் அதன் கண்ணாடி முகம்பார்க்கும் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஆகவே சம்பந்திக்குத் தொலைபேசினார்.

“சம்பந்தி, விருந்தறை சன்னல் எந்தப் பக்கம்?”

“வடக்கால. ஏன், பொண்ணுக்கு வெயில் ஆகாதா?”

“பொண்ணுக்கு இல்ல, பெட்டிக்கு. சன்னலுக்கும் சுவருக்கும் எத்தன அடி இருக்கும்? கரண்டு இறங்கி ஏறுதா?”

“எல்லாம் இறங்கி ஏறும். குதிரை வாங்கும்போதுகூட நாங்க இவ்வளவு விசாரிக்கிறதில்ல, சம்பந்தி.”

எசென்குல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. பிளாஸ்மா என்று முடிவு செய்தார். படுக்கவைத்தால் அதன் கண்ணாடி கெடும் என்பதால், வண்டியில் மெத்தைகளுக்கிடையே நிறுத்திவைத்து அனுப்பினார்.

செப்டம்பர் இருபதாம் தேதி சீர் பிரிக்கப்பட்டது. இருபத்திரண்டாம் தேதி பெகிமாய் தொலைபேசியில் அழைத்தாள். முற்றத்தில் நின்று பேசினாள் என்பது காற்றின் ஓசையில் தெரிந்தது.

“படம் ரொம்ப நல்லா இருக்குப்பா. ஆனா பெட்டி முனகுது.”

“முனகுதுன்னா?”

“தேனீக்கூட்டுக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி. சத்தத்தக் குறைச்சாலும் அது மட்டும் நிக்கல. சீர் பாக்க வந்தவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க.”

மின்னழுத்தம் என்று எசென்குல் உடனே கருதினார். அதைச் சீராக்கும் கருவி ஒன்றை நல்லதாகப் பார்த்து அனுப்பினார். முனகல் நிற்கவில்லை. அடுத்த அழைப்பில் மகளின் குரல் தாழ்ந்திருந்தது.

“ரிப்பேர்காரர் வீட்டுப் பொண்ணு, ரிப்பேர் பண்ணின பெட்டியோட வந்திருக்கான்னு அத்தை சொல்றாங்கப்பா. என்கிட்ட சொல்லல, வர்றவங்ககிட்ட சொல்றாங்க. விருந்தாளி வந்தா டீ ஊத்த என்னக் கூப்பிடறதில்ல. அத்தையே ஊத்தறாங்க.”

வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவது மருமகளின் இடம். அந்த இடத்தை மாமியார் எடுத்துக்கொண்டாள் என்றால் அதன் பொருள் என்னவென்று ஜூராவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எசென்குல் மறுநாள் காலை கருவிப்பெட்டியும் அந்த இரவல் கேமராவுமாகப் புறப்பட்டார்.

தாஷ்-கொரோவில் பெட்டி உண்மையிலேயே முனகியது. வெள்ளைப்படம் வந்தால் கூடியது. இருண்ட படத்தில் குறைந்தது. எசென்குல் பின்மூடியைத் திருகாணி திருகாணியாகக் கழற்றினார். வாசலருகே இரண்டு அண்டைவீட்டுப் பெண்களும் சைகாலும் உட்கார்ந்திருந்தனர்.

“கை எவ்வளவு பழக்கமாப் போகுது பாத்தீங்களா?” என்றாள் சைகால், அவர்களிடம். “இதத் தெறக்கிறது சம்பந்திக்கு இது மொத தடவ இல்ல.”

எசென்குலின் காது சிவந்தது. உள்ளே எல்லாம் புதிதாக, தூசியில்லாமல், இறுக்கமாக இருந்தது. எந்தப் பாகத்தைத் தொட்டாலும் முனகல் மாறவில்லை. கண்ணாடியின் மேல் விரல் வைத்தபோதுதான் அது கண்ணாடியிலிருந்தே வருவதை உணர்ந்தார். அறுபத்தொரு வயதில், தாம் அறியாத ஒரு காரணத்தின் முன் அவர் உட்கார்ந்திருந்தார்.

பெட்டியைத் தாம் மட்டும் பிஷ்கெக்குக்கு எடுத்துப்போய், அது அமைதியாகித் திரும்பி வந்தால் ‘வேறு பெட்டியை மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்’ என்பார்கள். இதை நினைத்துத்தான் அவர் ஜுமாதிலிடம் கேட்டார்: “சம்பந்தி, நீங்களும் கூட வாங்க. பெட்டி உங்க கண்ண விட்டு ஒரு நிமிஷம் அகல வேண்டாம்.”

ஜுமாதில் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். “ஆட்டக் காவல் காத்திருக்கேன், குதிரையக் காவல் காத்திருக்கேன். பெட்டியக் காவல் காக்கச் சொன்ன மொத ஆள் நீங்கதான்” என்றார். ஆனால் வந்தார்.

நாரின் நகரில் ஜுமாதிலின் தம்பி வீட்டில் தேநீருக்கு நின்றார்கள். எதையும் இடம் மாற்றிச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தால் எசென்குல் பெட்டியை இறக்கி மின்சாரம் கொடுத்தார். முனகியது, ஆனால் ஊரில் இருந்த அளவுக்கு இல்லை. அவர் குறிப்பேட்டைத் திறந்து நேரத்தை எழுதினார். தோலோன் கணவாயின் உச்சியில் சாலைப்பணியாளர் குடிசையொன்று இருந்தது. வெளியே டீசல் மின்னாக்கி ஓடிக்கொண்டிருந்தது. எசென்குல் மறுபடி பெட்டியை இறக்கினார்.

“இங்க எந்த விருந்தாளிக்குக் காட்டறதுக்கு?” என்றார் ஜுமாதில், ஒரு முனையைப் பிடித்தபடி.

உள்ளே வைத்துப் போட்டதும் அது வீரிட்டது. மின்னாக்கியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சாலைப்பணியாளர் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஜுமாதில் பெட்டியைப் பார்த்தார். கதவுக்கு வெளியே தெரிந்த பனிமேட்டைப் பார்த்தார்.

“கணவாய் இறங்கின பெறகு கொச்கோர்ல ஒரு தடவ போடுங்க” என்றார்.

கொச்கோர் கணவாயைவிட ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு மீட்டர் தாழ்ந்த ஊர். சாலையோரத் தேநீர்க்கடையில் பெட்டியைப் போட்டார்கள். திரையில் குதிரைகள் பாய்ந்தன. ஒரு சத்தமும் இல்லை. இருவரும் காதைக் கண்ணாடியருகே கொண்டுபோனார்கள். கடைக்காரி, திரையில் ஏதோ இரகசியம் சொல்கிறார்கள் என்று நினைத்துத் தானும் குனிந்தாள்.

“மேய்ச்சலுக்கு ஏறறப்ப மூடின டப்பா எல்லாம் உப்பிக்கும்” என்றார் ஜுமாதில். “மேல காத்து கம்மி, உள்ள அடைச்ச காத்து தள்ளும். எங்க பசங்க கொண்டுவர்ற உருளைக்கிழங்கு வறுவல் பை கணவாய்ல பந்து மாதிரி ஆயிடும். இதுக்குள்ள ஏதாச்சும் அடைச்சிருக்கா?”

எசென்குல் குறிப்பேட்டை மடியில் விரித்து, நாரின், கணவாய், கொச்கோர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிளாஸ்மாவின் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே இலட்சக்கணக்கான நுண்ணறைகள். ஒவ்வொன்றிலும் அடைத்த வாயு. சமவெளியில் வெளிக்காற்று அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. மேலே பிடி தளர்கிறது, கண்ணாடி அதிர்கிறது. அவருக்கு அது அந்த நொடியில் விளங்கியது.

“சன்னலக் கேட்டேன். சுவரக் கேட்டேன். கரண்டக் கேட்டேன்” என்றார். “ஊரு எவ்வளவு உயரம்னு கேக்கல.”

“கேட்டிருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கே தெரியாது.”

பிஷ்கெக் கடையில், பழுதில்லாத பெட்டியை எப்படித் திரும்ப எடுப்பது என்று கடைக்காரர் தயங்கினார். “பெட்டில பழுதில்ல தம்பி, எங்க ஊர்லதான்” என்று ஜுமாதில் சாட்சி சொன்ன பின் எல்.சி.டி.யை மாற்றிக் கொடுத்தார். அதற்குள் வாயு அடைத்த தகடு இல்லை. உயரம் அதைத் தொடாது. இருந்தும் எசென்குல் திரும்பும் வழியில் கணவாயிலே அதை இறக்கிப் போட்டுக் கேட்டார். அமைதியாக இருந்தது.

சீர் பார்த்த அதே பெண்களைத் திரும்ப வரவழைக்கும்படி அவர் சைகாலைக் கேட்டுக்கொண்டார். பெண்கள் கூடும் அந்த அறையில் சம்பந்தி ஆண் நிற்பது வழக்கமில்லை. அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மொதல்ல வந்த பெட்டி புதுசு. அது ரிப்பேர் பண்ணினது இல்ல. இந்த உயரத்துக்கு அது ஆகாது. எனக்கு அது தெரியல. தப்பு என்னோடது, பொண்ணோடது இல்ல.”

ஜுமாதில் கணவாயில் நடந்ததைச் சொன்னார். வறுவல் பையைச் சொன்னபோது சிலர் தலையசைத்தனர். சைகால் புதிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படம் மொத பெட்டி அளவுக்கு இல்லியே, சம்பந்தி.”

“இல்ல” என்றார் எசென்குல். “ஓட்டத்துல குளம்பு கொஞ்சம் கலையும். ஓரமா உக்காந்தா நெறம் வெளுக்கும். ஆனா பேசாம இருக்கும்.”

“பேசாம இருக்கிற ஒண்ணாவது இந்த வீட்டுக்கு வேணும்தான்” என்று சைகால் கணவர் பக்கம் பார்த்தாள். பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவள் தேநீர்ப்பாத்திரத்தைத் தன் முன்னாலிருந்து நகர்த்தி, அடுப்பறைப் பக்கம் திரும்பினாள். “பெகிமாய், வாம்மா. எல்லாருக்கும் ஊத்து. அப்பாவுக்கு மொதல்ல.”

அதன் பிறகு எசென்குலின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் பன்னிரண்டாவது கேள்வி ஒன்று சேர்ந்தது. மலையூர்களிலிருந்து கேட்டவர்களுக்கு எல்.சி.டி. என்றும், இருண்ட அறையுள்ள பிஷ்கெக் வீடுகளுக்குப் பிளாஸ்மா என்றும் காரணத்துடன் சொன்னார். தாஷ்-கொரோவில் மட்டும் ஏழு வீடுகளுக்கு அவர் பெட்டி தேர்ந்துகொடுத்தார். அவற்றுள் நான்கு, சைகால் தன் வாயால் பரிந்துரைத்து அனுப்பியவை. கடைசியாக, 2013ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, சைகாலின் தங்கை வீட்டில் ஓர் எல்.சி.டி.யைச் சுவரில் பொருத்தி, இருட்டில் கறுப்பு வெளுக்காதிருக்க அதன் பின்னொளியை இரண்டு படி குறைத்துவைத்தார்.