போணிக்கு முன்னால் வேலம்மா

தி.நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடை. அதன் பின்கட்டில் முப்பது ஆட்களுக்குச் சோறு பொங்கியவள் வேலம்மா. ரங்கூனில் சொந்தமாக இட்லிக்கடை வைத்திருந்தவள். புருஷனை அங்கேயே மண்ணில் விட்டுவிட்டு, ஒற்றைத் தகரப்பெட்டியோடு அறுபத்துநாலில் அகதிக் கப்பலில் வந்து இறங்கினாள். வேலைக்கு வைத்தபோது முதலாளி போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. காலையில் போணி ஆகும்வரை அவள் கடையின் முன்பக்கம் தலைகாட்டக் கூடாது. தாலியறுத்தவள் முகத்தில் முழித்தால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடுமாம். அவள் வடித்த சோற்றுக்கு மட்டும் அந்தத் தோஷம் கிடையாது. அது வேளாவேளைக்கு ஐயா தொண்டையில் நன்றாகவே இறங்கியது.

அறுபத்தெட்டாம் வருஷம் ஊர் உலகமெல்லாம் சுற்றிய ஹாங்காங் ஜுரம், தீபாவளி நெருக்கத்தில் கடை மாடிக்கும் ஏறியது. நெருக்கியடித்துப் படுக்கிற ஆட்களில் ஒன்பது பேர் விழுந்தார்கள். சுயம்புலிங்கம் மூக்கில் கற்பூரத் துணியைப் பொத்திக்கொண்டு கணக்கப்பிள்ளை அய்யாதுரையைக் கூப்பிட்டார்.

"காய்ச்சக்காரப் பயலுவள எல்லாம் ஊருக்கு ரயிலேத்தி விடும்வே."

எட்டுப் பேர் திருநெல்வேலி வண்டியில் போனார்கள். போய் ஆத்தா அப்பனுக்கும் கொடுக்கட்டும் என்று என்ன ஒரு தாராள மனசு! ஒன்பதாவது ஆள் மூட்டை கட்டும் ஷரஃபுதீன். வேலம்மா வந்த அதே கப்பலில் வந்தவன். அவள் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தபோது தண்ணீர் தூக்கிக் கொடுத்து, அக்கா என்று கூப்பிட்டவன்.

"இவனுக்கு எந்த ஊருவே?"

"ரங்கூன், மொதலாளி."

"அப்ப நாளைக்குக் கட தொறந்ததும் எழும்பூர் பிளாட்பாரத்துல விட்டுரும். கவர்மெண்டு பாத்துக்கிடும்."

ஷரஃபுதீனுக்கு நெஞ்சு கர்கர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் போட்டால் ரெண்டு நாள் தாங்கமாட்டான் என்று வேலம்மா கெஞ்சினாள். "ஒனக்கு அடுப்பு வேலதானளா?" என்று விரட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று சுயம்புலிங்கம் ஏழு மணிக்கே சாவியோடு வந்தார். வாசல் படியில், பூட்டிய கதவில் சாய்ந்து, குளித்த தலையும் பாழ்நெற்றியுமாக வேலம்மா உட்கார்ந்திருந்தாள். ஐயா சட்டென்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"ஏளா, என்ன இது? உள்ள போ!"

"போறேன் மொதலாளி. தம்பி மாடியிலேயே கிடக்கட்டும். டாக்டரு வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் இங்கதான்."

இழுத்துப் போடச் சொல்லி அய்யாதுரையை ஏவினார். போணிக்கு முன்னால் விதவையைத் தொட்டு இழுப்பதாவது! அய்யாதுரை ஓரடி பின்னால் போனான். மற்றவர்களும் நகரவில்லை. எல்லாம் அவர் வளர்த்த வளர்ப்புத்தானே.

"இன்னா நைனா, கண்ண மூடிக்கினு நிக்கிற? கட தொறக்கலியா?" என்று ஒரு ரிக்‌ஷாக்காரன் கேட்டுவிட்டுப் போனான். மகளின் தலைதீபாவளிக்கு ஜவுளி எடுக்க மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஜலஜா மாமி பொறுமையிழந்தாள்.

"ராகுகாலம் வந்துடும். நாங்க எதிர்க்கடைல எடுத்துண்டு போயிடறோம்."

மனுஷன் உயிருக்கு அசையாத சுயம்புலிங்கம் அதற்கு அசைந்தார். தூ!

"கெடந்து தொலையட்டும்! ஓடிப் போய் டாக்டரக் கூட்டிட்டு வாரும்வே!"

அடுத்த தெரு டாக்டரின் கால் மாடிப்படியில் பட்ட பிறகே வேலம்மா எழுந்தாள். மாமிக்குப் பட்டுப்புடவை ராகுகாலத்துக்கு முன்னாலேயே பில் ஆகிவிட்டது.

ஷரஃபுதீன் பன்னிரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். ஊருக்கு ஏற்றிய எட்டுப் பேரில் இரண்டு பேர் திரும்பவேயில்லை. அதற்குள், "அகதிப் பயல நாந்தான் பிள்ளை மாதிரி வச்சுக் காப்பாத்துனேன்" என்று சுயம்புலிங்கம் வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா மனுஷனுக்கு?

தீபாவளி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு மிரட்டினார்.

"இன்னொருக்க காலங்காத்தால என் கண்ணுல பட்டே, சீட்டக் கிழிச்சிருவேன். ஒன் மொகத்துல முழிச்சா வெளங்குமாளா?"

வேலம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா ஒங்க மொகத்துலதான் முழிக்கிறேன் மொதலாளி. எனக்கு என்ன வெளங்கிச்சு?"